கேம்பெயின் குறிப்புகளுக்கு எந்த ஆப், எந்த டேப்லெட்: மதுரை மேசைக்கு ஒரு மதிப்புரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் விளையாட்டில் மாதக்கணக்கில் நீளும் தொடர்கதைதான் கேம்பெயின். ஒவ்வொரு தடவை கூடி ஆடுவது ஒரு செஷன், கதையை நடத்துபவர் டிஎம். கேம்பெயின் நாலைந்து மாதம் ஓடிவிட்டால் டிஎம்முக்குக் கதை யோசிப்பது பெரிய வேலையாக இருக்காது. பொங்கலுக்கு முன் நடந்த செஷனில் ஒத்தக்கடைச் சந்தையில் குதிரை விற்றவன் பெயர் என்ன, அவனிடம் குழு எத்தனை பொற்காசு கடன் வாங்கியது, யானைமலைக் குகையில் விட்டுவந்த செப்பேடு இப்போது யார் கையில் என்று ஒரு பிளேயர் திடீரென்று கேட்பார். அதற்குப் பதில் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. பத்து நொடிக்குள் எடுக்க முடியவில்லை என்றால் ஆட்டத்தின் சூடு ஆறிவிடும். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேர் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

ஆகவே இங்கே எல்லா மென்பொருளையும் கருவியையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறோம். கரண்ட் போயிருந்தாலும், நெட் நின்றிருந்தாலும், தமிழில் எழுதிய ஒரு குறிப்பைப் பத்து நொடிக்குள் எடுக்க முடிகிறதா? மேப், அதில் ஆட்களைக் குறிக்கும் டோக்கன், வெளிச்சம், இருட்டு எல்லாம் அதற்குப் பிறகு.

கரண்டை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். எந்தப் பகுதியில் என்றைக்கு என்பது முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடும். சனிக்கிழமை பகல் செஷன் வைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் ஆட்கள் கூடும் கூட்டத்துக்கு மொபைல் டேட்டாவை நம்பி ஆன்லைன் மேப் திறக்க முயல்வதும் வீண்.

அப்சிடியன்: எங்கள் முதல் தேர்வு

குறிப்பு எழுதும் ஆப்பான அப்சிடியன் இலவசம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியில், உங்கள் ஃபோல்டரில், சாதாரண உரைக் கோப்பாக உட்காரும். அப்சிடியனை நாளைக்கே நீக்கிவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், அதன் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக, 3 பைட் பிடிக்கும். அப்படியிருந்தும் நூறு சொல் கொண்ட குறிப்பு 3 கேபியைத் தாண்டாது. 300 குறிப்பு சேர்ந்தாலும் 1 எம்பி அளவுதான். படங்களைச் சேர்க்காத வரை பழைய போனில்கூட சட்டென்று திறக்கும்.

ஃபோல்டர் ஐந்துக்கு மேல் வேண்டாம்: ஆட்கள், இடங்கள், கூட்டங்கள், பொருட்கள், செஷன்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்க ஆரம்பித்தால் எதை எங்கே வைத்தோம் என்பதே புதிராகிவிடும். ஆட்களைப் பற்றிய குறிப்பு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு மேசையில் உதவும். ஒரு மாதிரி:

சொக்கன். குதிரை வியாபாரி, ஒத்தக்கடை.
பேச்சு: மெதுவாக, கேள்விக்குக் கேள்வியே பதில்.
தேவை: தம்பியைச் சிறையிலிருந்து மீட்க வேண்டும்.
மறைப்பது: சுல்தானின் ஆட்களுக்குத் துப்புக் கொடுக்கிறான்.
குழுவுடன் கணக்கு: 40 பொற்காசு கடன், செஷன் 7.

இந்த ஐந்து வரி போதும். கண் பட்டதும் வாய் பேச ஆரம்பிக்க வேண்டும். முழுப் பக்க வாழ்க்கை வரலாறு எழுதி வைத்தால் அதைப் படித்து முடிப்பதற்குள் பிளேயர்கள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்கள். கடைசி வரியை மட்டும் ஒவ்வொரு செஷன் முடிந்ததும் திருத்த வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால்தான் கேம்பெயின் கலைய ஆரம்பிக்கிறது.

தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் தேடலில் இருக்கிறது. "சொக்கன்" என்று தேடினால், "சொக்கனிடம் வாங்கிய குதிரை" என்று எழுதிய செஷன் குறிப்பு வராது. கணினியைப் பொறுத்தவரை கடைசி எழுத்தின் மேல் இருக்கும் புள்ளி தனிக் குறியீடு. வேற்றுமை உருபு ஒட்டியதும் புள்ளி விழுந்து அந்த இடத்தில் இகரக் குறியோ ஐகாரக் குறியோ வந்து நிற்கும். ஆகவே "சொக்கன்" என்ற எழுத்துக்கோவையே அந்த வரியில் இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு "சொக்கன" என்று தேடுங்கள். சொக்கன், சொக்கனை, சொக்கனுக்கு, சொக்கனிடம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கிராமம் என்பதற்கு "கிராம" போதும், கிராமத்தில் என்பதும் மாட்டும். ஆறு, காடு மாதிரிச் சொற்கள் ஆற்றில், காட்டில் என்று உருவே மாறிவிடுவதால் "ஆற்ற", "காட்ட" என்றும் ஒரு தடவை தேட வேண்டும்.

இணைப்புக் கொடுக்கும்போதும் இதே கதைதான். [[சொக்கன்|சொக்கனிடம்]] என்று நடுவில் கோடு போட்டு எழுதினால், படிக்கும்போது "சொக்கனிடம்" என்று தெரியும், தொட்டால் சொக்கன் குறிப்பு திறக்கும். இதைப் பழக்கப்படுத்திக்கொண்டால் தேட வேண்டிய அவசியமே குறைந்துவிடும். புதிதாக என்பிசிக்கு (டிஎம் ஆட்டுவிக்கும் கதாபாத்திரம்) பெயர் வைக்கும்போது மாயாண்டி, வெள்ளைச்சாமி, மீனாட்சி என்று இகரத்தில் முடிகிற பெயர்களாக வைத்தால் இன்னும் நிம்மதி. மாயாண்டியை, மாயாண்டிக்கு, மாயாண்டியிடம் என எந்த உருபு வந்தாலும் பெயர் உடையாது. நம் பக்கம் அப்படிப்பட்ட பெயருக்குப் பஞ்சமில்லை.

பழைய பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், "ெ", "ா" என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலுக்குத் தெரியலாம். கண் முன்னால் இருக்கும் சொல்லைத் தேடல் கண்டுபிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு நீங்களே ஒரு தடவை தட்டச்சு செய்யுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் ஒட்டுவதில் பயனே இல்லை.

அப்சிடியனில் கூடுதலாகச் சேர்க்கும் பிளகின்களில் நான்கைத்தான் பரிந்துரைப்போம்: இனிஷியேட்டிவ் டிராக்கர், ஃபேன்டசி ஸ்டாட்பிளாக்ஸ், டைஸ் ரோலர், கேலண்டேரியம். முதல் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். எதிரியின் ஸ்டாட்பிளாக்கை (அவன் பலம், தாக்குதல் எண்களின் பட்டியல்) எழுதி வைத்தால் சண்டை வரிசையில் ஹெச்பியோடு (உயிர்ப் புள்ளி) வந்து உட்காரும். கேலண்டேரியத்தில் நம் மாதங்களை நாமே அமைக்கலாம். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்த காலத்தையோ, 1335-இல் தொடங்கிய மதுரை சுல்தானகத்தையோ பின்னணியாக வைத்து ஆடுபவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி ஒட்டாது. சித்திரை முதல் புரட்டாசி வரை 31, 31, 32, 31, 31, 31. ஐப்பசி முதல் பங்குனி வரை 29, 30, 29, 30, 30, 30 என்று கொடுத்தால் 365 வந்துவிடும். மெய்யான பஞ்சாங்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் அப்படி இப்படி நகரும். ஆட்டத்துக்கு இது தாராளம். நிலவுக்கு 29.53 நாள் சுழற்சி கொடுத்துவிட்டால் அமாவாசையும் பௌர்ணமியும் தானாக வரும். "இன்றைக்கு இருட்டுமா, நிலா வெளிச்சம் இருக்குமா" என்ற கேள்வி எல்லா மேசையிலும் வருவதால் இது அலங்காரம் இல்லை.

பிளகின் இருபதைத் தாண்டினால் போனில் திறக்கவே நேரம் எடுக்கும். அப்போது ரெஸ்ட்ரிக்டட் மோட் என்ற கட்டுப்பாட்டு முறையை இயக்கி எல்லா பிளகினையும் ஒரேயடியாக அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழுத்தடிப்பது எது என்று தெரிந்துவிடும்.

லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் ஒரே குறிப்பு வேண்டும் என்பவர்களுக்கு அப்சிடியனின் சொந்த சிங்க் சேவை உண்டு, மாதக் கட்டணம். ஐபோன், ஐபேட் என்றால் ஐகிளவுட் போதும். ஆண்ட்ராய்டில் சிங்திங் நன்றாக ஓடுகிறது. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டதால், தொடர்ந்து பராமரிக்கப்படும் சிங்திங் ஃபோர்க்கைப் போட வேண்டும். கூகுள் டிரைவ் ஃபோல்டரை ஆண்ட்ராய்டு அப்சிடியன் நேரடியாகத் திறக்காது. ஒரே குறிப்பை இரண்டு கருவியில் ஒரே நேரத்தில் திருத்தினால் சிங்திங் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்கு "சிங்க் கான்ஃப்ளிக்ட்" என்று பெயர் போட்டுவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒன்றாக்குவது சலிப்பான வேலை. செஷன் நடக்கும்போது ஒரு கருவியில் மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை கிடையாது. எந்த சிங்க் வைத்திருந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவை முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து பென்டிரைவில் போட்டுவிடுங்கள். தவறுதலாக அழித்ததையும் சிங்க் உடனே எல்லா இடத்திலும் அழித்துவிடும் என்பதால் சிங்க் பேக்கப் ஆகாது.

மற்றவை

பேனாவால் எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்நோட். பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம், மேப் படத்தின் மேலேயே அம்புக்குறி போடலாம், நெட் இல்லாதபோதும் திறக்கும். ஒன்டிரைவில் இலவச 5 ஜிபி குறிப்புகளுக்கு நிறையவே இடம். குறை என்னவென்றால், மொத்த நோட்புக்கையும் வெளியே எடுத்து வேறு ஆப்புக்குக் கொண்டுபோவது விண்டோஸ் டெஸ்க்டாப் பதிப்பில்தான் எளிது. உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

நோஷன் அழகு, அட்டவணை பிரியர்களுக்குப் பிடிக்கும். 2025-இல் ஆஃப்லைன் வசதி வந்திருந்தாலும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பக்கம் திறக்கும் வேகம் நம் பத்து நொடிக் கணக்கைச் சோதிக்கிறது. பிளேயர்களும் படிக்கிற மாதிரி விக்கி வேண்டும் என்றால் காங்காவை எடுங்கள். இலவசக் கணக்கிலேயே ரகசியக் குறிப்புகளை பிளேயர் கண்ணில் படாமல் மறைக்கலாம். வேர்ல்ட் அன்வில் உலகம் படைப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு ஏற்றது, செஷன் நடத்துபவர்களுக்கு அதில் கிளிக் அதிகம். இலவசக் கணக்கில் எழுதியது வெளியாருக்கும் தெரியும். கேம்பெயினின் பெரிய ரகசியத்தை அங்கே வைத்துவிட்டு பிளேயர்களிடம் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

பிளேயர் ஆடும் கதாபாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டுக்கு டி அண்ட் டி பியாண்ட் இலவசக் கணக்கில் 6 கேரக்டர் வைக்கலாம். ஒரு பிளேயருக்கு அது போதும். விதிகளைப் பணம் கொடுத்து வாங்கும் முன், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருக்கும் எஸ்ஆர்டி (அடிப்படை விதித் தொகுப்பு) பிடிஎஃப்பை இறக்கிப் பாருங்கள்: 5.1 பதிப்பு 2023-இலும், 5.2 பதிப்பு 2025-இலும் அந்த உரிமத்துக்குள் வந்தன. அதை நீங்கள் தமிழில் பெயர்த்து உங்கள் மேசைக்கு அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் இடம் கொடுக்கிறது, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் விதிகள் முழுவதும் இலவசமாக இருக்கின்றன.

நிரப்பக்கூடிய பிடிஎஃப் ஷீட்டில் தமிழில் பெயர் எழுதினால் பெரும்பாலும் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். அந்தப் பிடிஎஃப்புக்குள் பதித்திருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. கூகுள் ஷீட்ஸில் ஒரு ஷீட் அமைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. போனில் ஆஃப்லைனில் வைக்கவும் முடியும்.

மேப்: ஃபவுண்ட்ரி வாங்கலாமா?

மேப்பையும் டோக்கனையும் திரையில் காட்டும் மென்பொருளான ஃபவுண்ட்ரி 50 டாலர், ஒரே தடவைக் கட்டணம். டிஎம் ஒருவர் வாங்கினால் போதும், பிளேயர்கள் பிரவுசரில் வந்து சேர்ந்துகொள்வார்கள். வசதிகளில் இதற்கு இணை கிடையாது. சிக்கல் எல்லாம் வீட்டிலிருந்து அதை வெளியூர் பிளேயருக்குத் திறந்துவிடுவதில்தான்.

வழிகாட்டிகள் எல்லாம் ரவுட்டரில் 30000-ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வழி) திறக்கச் சொல்லும். நம் ஊர் ஃபைபர் இணைப்பு பலவற்றில் அது பலிக்காது. நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்திருக்கும். உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) முகவரி என்ற இடத்தைப் பாருங்கள், 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் எண் இருந்தால் போர்ட் திறந்து ஒன்றும் ஆகாது, அங்கே நேரத்தை வீணடிக்க வேண்டாம். நிலையான பொது முகவரிக்கு நிறுவனத்திடம் தனிக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். டெயில்ஸ்கேல் மாதிரித் தனிப்பட்ட வலைப்பின்னலில் பிளேயர்களைச் சேர்க்கலாம். மாதக் கட்டணத்தில் ஃபவுண்ட்ரியை ஏற்று நடத்தும் சேவையில் போடலாம். வெளியூர் பிளேயர் இரண்டு மூன்று பேர் என்றால் டெயில்ஸ்கேல் போதும். அதற்கு மேல் போனால், ஒவ்வொருவர் கணினியிலும் ஏதோ ஒன்றைச் சரிசெய்வதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.

எல்லாரும் ஒரே மேசையில் என்றால் வேலை சுலபம். டிஎம் லேப்டாப்பில் ஃபவுண்ட்ரி, மற்றவர்கள் அதே வைஃபையில் லேப்டாப்பின் முகவரியையும் 30000-த்தையும் பிரவுசரில் அடித்தால் திறக்கும். திறக்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். விண்டோஸில் வைஃபை "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் தடுக்கும், "பிரைவேட்" ஆக்குங்கள். ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாது. முக்கிய வைஃபைக்கு மாறுங்கள். போன வாரம் வேலை செய்த முகவரி இந்த வாரம் செய்யவில்லை என்றால் ரவுட்டர் லேப்டாப்புக்குப் புது எண் கொடுத்திருக்கும். ரவுட்டரிலேயே ஓர் எண்ணை லேப்டாப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பலரும் கண்டுபிடிக்கத் திணறுவது இதை: நெட் நின்றுபோனதும் ஆண்ட்ராய்டு போன், வைஃபையில் இணையம் இல்லை என்று பார்த்துத் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைஃபை குறி மேலே இருக்கும், ஃபவுண்ட்ரி மட்டும் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் உடனே திறந்துவிடும். வீட்டு நெட் இல்லாமலேயே முழு செஷனையும் இப்படி ஓட்டலாம், ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் சரி.

மேப் படத்தின் அளவில் கஞ்சத்தனம் காட்டுங்கள். 40-க்கு 30 கட்டம், கட்டத்துக்கு 100 பிக்சல் என்றால் 4000-க்கு 3000. இதைப் பிஎன்ஜியாக வைத்தால் விவரம் நிறைந்த படம் 20 எம்பி அளவுக்குப் போகும். வெப்பி (WebP) வடிவத்தில் 80 சதவீதத் தரத்தில் 3 எம்பிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டிலிருந்து ஐந்து வெளியூர் பிளேயருக்கு 20 எம்பி படம் போக வேண்டுமானால் 100 எம்பி அப்லோடு. அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 160 நொடி எல்லாரும் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 3 எம்பி படம் 24 நொடியில் வந்துவிடும். எந்தப் பக்கமும் 4096 பிக்சலைத் தாண்ட வேண்டாம். பழைய போன்களின் கிராஃபிக்ஸ் சிப் அதற்கு மேல் ஏற்காது.

ஃபவுண்ட்ரியின் புதிய மேஜர் பதிப்பு வந்த வாரமே மேம்படுத்துவது வம்பு. மாட்யூல்கள் (ஃபவுண்ட்ரியில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) பின்தங்கி நிற்கும். யூசர் டேட்டா ஃபோல்டரை நகலெடுத்து வைத்துவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் மாட்யூல் ஒவ்வொன்றும் புதுப் பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள்.

இவ்வளவு தேவைப்படாத மேசைக்கு அவுல்பேர் ரோடியோ. மேப்பைப் போடு, டோக்கனை வை, இருட்டால் மூடு, அவ்வளவுதான். பிளேயருக்குக் கணக்கு வேண்டாம், இணைப்பைத் தட்டினால் உள்ளே. போனிலும் வசதியாக ஓடுகிறது. இதற்கு நெட் கட்டாயம் என்பதுதான் ஒரே குறை. முதன்முதலாக ஆன்லைன் மேப் தொடும் டிஎம்முக்கு இதைத்தான் சொல்வோம். 2012-இலிருந்து இருக்கும் ரோல்20-இல் ஷீட், டைஸ், மேப் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன, வேகம் சுமார்.

பணம் கட்டும்போது

இந்த வெளிநாட்டுச் சேவைகள் பலவற்றில் யூபிஐ எடுபடாது, ரூபே கார்டும் எல்லா இடத்திலும் போகாது. விசா, மாஸ்டர்கார்டு என்றாலும் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கியிருக்க வேண்டும். மாதாந்திரச் சந்தாவில் இன்னொரு முட்டுக்கட்டை: 2021 அக்டோபர் முதல் தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி விதித்த முன்அனுமதி முறைக்குள் வராத வெளிநாட்டுச் சேவை என்றால் முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் தட்டிவிடும். நடுக் கேம்பெயினில் கணக்கு இலவச நிலைக்கு இறங்கிப் பாதிப் படம் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் ஒரே தடவைக் கட்டணம், அல்லது ஆண்டுக் கட்டணம். வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தனி.

டேப்லெட்: அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

விதிப் புத்தக பிடிஎஃப் பெரும்பாலும் 216 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் திரை 16-க்கு 10 விகிதம்; நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 148 மில்லிமீட்டர். பக்கம் 69 சதவீதமாகச் சுருங்கும். ஐபேட் அடிப்படை மாடல் 10.9 அங்குலம்தான், ஆனால் திரை அகலமானது: 158 மில்லிமீட்டர், 73 சதவீதம். அங்குலத்தில் சின்னது எழுத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. புத்தகத்தில் 9 புள்ளி எழுத்து இருந்தால் ஒன்றில் 6.2, மற்றதில் 6.6. டியூப்லைட் வெளிச்சத்தில் இரவு பத்து மணிக்கு இந்த வித்தியாசம் தெரியும். படுக்கவைத்துப் படித்தால் எழுத்து அசலைவிடச் சற்றுப் பெரிதாகும், பக்கத்தில் பாதிதான் தெரியும்.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் விலைக்கு நல்ல திரை, மெமரி கார்டு போடலாம். எஸ் பென் அதில் வேலை செய்யாது. எழுத வேண்டும் என்றால் டேப் எஸ்6 லைட், 10.4 அங்குலம், பேனா பெட்டியிலேயே வரும். ஐபேடில் மெமரி கார்டு கிடையாது, பேனாவும் தனி விலை. பழைய 64 ஜிபி மாடலை பிடிஎஃப் நூலகம் வைத்திருப்பவர்கள் தவிர்க்கலாம்.

ரீமார்க்கபிள் 2 மாதிரி மின்மை (இ-இங்க்) டேப்லெட் எழுதுவதற்கு அருமை, செஷனில் தேடுவதற்குச் சுமார். மேப் கறுப்பு வெள்ளையாகிவிடும், ஆறும் பாதையும் ஒரே சாம்பல். படங்கள் நிறைந்த 200 எம்பி புத்தகத்தில் பக்கம் புரட்டினால் காத்திருக்க வேண்டும். தேவையான 20 பக்கத்தை மட்டும் தனி பிடிஎஃப்பாகப் பிரித்து ஏற்றினால் சரியாகிவிடும். கையெழுத்தை எழுத்தாக மாற்றும் வசதியைப் பார்த்து எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், டவுன்ஹால் ரோடு கடையில் நின்றே உங்கள் கையெழுத்தில் "யானைமலைக் குகை" என்று எழுதி மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

வெயில் காலம் தனி. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை. கத்திரியில் மதுரை பகலில் அதை எளிதாகத் தாண்டும். மொட்டை மாடியில் மாலை செஷன் வைத்தால் வெயில் இறங்கிய பிறகும் தரை சூடு கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் டேப்லெட்டை வைத்து சார்ஜும் போட்டால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். செஷனுக்கு முன்பே முழுதாக சார்ஜ் செய்துவிட்டு, மாடியில் கம்பியைச் செருகாமல் பயன்படுத்துங்கள். ஜிகர்தண்டா டம்ளர் வெளியே வேர்க்கும் ஈரக் கையால் தொட்டால் திரை கண்ட இடத்தில் தட்டிவிடும். சண்டை நடுவில் தவறான டோக்கன் செத்துப்போகும். ஒரு துண்டு மேசையில் கிடக்கட்டும்.

10,000 எம்ஏஹெச் பவர்பேங்க் என்பது 37 வாட் மணி. டேப்லெட்டுக்குள் போய்ச் சேர்வது அதில் 60 முதல் 65 சதவீதம். டேப் ஏ9 பிளஸின் 7,040 எம்ஏஹெச் பேட்டரி சுமார் 27 வாட் மணி. ஆகவே ஒரு தடவைகூட முழுதாக நிரம்பாது. முழு நாள் செஷனுக்கு 20,000 வாங்குங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். தெருவில் இருக்கும் நிறுவனத்தின் பெட்டிக்கும் கரண்ட் போயிருந்தால் நெட் வராது, உள் வைஃபை மட்டும் இருக்கும். ஃபவுண்ட்ரிக்கு அதுவே போதும் என்று மேலே சொன்னோம். வீட்டு இன்வெர்ட்டரில் "யூபிஎஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால்தான் கரண்ட் மாறும் கணத்தில் டிவியும் ரவுட்டரும் அணைந்து திரும்பத் தொடங்காமல் இருக்கும்.

டிவியைப் படுக்கவைப்பதா, ஃப்ளெக்ஸ் அடிப்பதா

மேப்பைக் காட்ட 43 அங்குல டிவியை மேசையில் படுக்கவைத்தால் 37.5-க்கு 21 அங்குலப் பரப்பு. 4கே என்றால் ஓர் அங்குலக் கட்டத்துக்கு 102 பிக்சல், சாதாரண 1080 என்றால் 51. மினியேச்சர் (ஆட்களைக் குறிக்கும் சின்னப் பொம்மை) சரியாக உட்கார மேப்பின் பெரிதாக்கத்தை இந்த எண்ணுக்கு வையுங்கள், திரையில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும். விஏ பேனலில் பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நிறம் வெளுத்துத் தெரியும், இருட்டு மேப்பில் ஒன்றும் புரியாது. பின்பக்கக் காற்றுத் துளை அடைபடாமல் நான்கு மரக்கட்டை மேல் வைத்து, மேலே 3 அல்லது 4 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் போட வேண்டும்.

அந்தச் செலவுக்கு முன் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். மதுரையில் இல்லாத தெருவா? 36-க்கு 24 அங்குலத்தில் ஓர் அங்குலக் கட்டம் போட்ட விரிப்பு வெறும் 6 சதுர அடிதான். கோப்பை அசல் அளவிலேயே, 100 டிபிஐயில் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். கட்டக் கோடு அரை மில்லிமீட்டர், நிறம் வெளிர் சாம்பல். சாதாரண ஃப்ளெக்ஸ் பளபளக்கும், டியூப்லைட் அப்படியே முகத்தில் அடிக்கும். மேட் வினைல் கேளுங்கள். பெரிய கோளாறு ஒன்று நடக்கும்: அச்சிடுபவர் ரோல் அகலத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடுவார். கட்டம் 0.96 அங்குலமாகி, வரிசையாக வைத்த மினியேச்சர்களின் அடித்தட்டு ஒன்றையொன்று இடிக்கும். "அளவை மாற்றாமல் அடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கடையை விட்டு இறங்கும் முன் 12 கட்டத்துக்கு ஸ்கேல் வைத்து 12 அங்குலம் வருகிறதா என்று பாருங்கள்.

ஒயிட்போர்டு மார்க்கர் ஃப்ளெக்ஸின் மேல் ஊறிப்போய் அழியாத கறையாகும். மேசை விரிப்புக்கு விற்கும் கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட்டை அதே அளவில் வெட்டி வாங்கி மேலே போட்டு, அதில் எழுதுங்கள். விரிப்பை மடிக்காமல், அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி பிவிசி குழாயில் சுருட்டி வைத்தால் விரிக்கும்போது ஓரம் மேலே தூக்காது.